எழுதி வச்சுக்க, தம்பி

தஞ்சாவூரில் இருக்கும் என் சித்தப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். பாதி ஆயுளைத் தொழிற்சங்கத்தில் கழித்தவர். சிங்கப்பூரில் இருக்கும் என்னிடம் போனில் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்காமல் வைக்கமாட்டார். "உங்க ஊர்ல கொடி புடிச்சா உள்ள வச்சிருவானாமே, அப்ப ஒருத்தனுக்கு அநியாயம் நடந்தா என்னதான்யா பண்ணுவீங்க?"

"ஃபாரம் எழுதுவோம் சித்தப்பா" என்றேன் ஒருமுறை. கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

அவர் சொல்வதில் பாதி சரி. சிங்கப்பூரில் ஊர்வலம், ஆர்ப்பாட்டம் எல்லாம் நினைத்த மாத்திரத்தில் நடத்திவிட முடியாது. ஹோங் லிம் பூங்காவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து பேச்சாளர் சதுக்கம் என்று ஓர் இடம் உண்டு. ஆனால் அங்கு நடக்கும் ஆர்ப்பாட்டத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் கலந்துகொள்ளலாம். வேலை பர்மிட்டில் வந்திருக்கும் புதுக்கோட்டைக்காரர் கூட்டத்தோடு சேர்ந்து நின்றாலே வம்பு. அதனால் இந்த ஊரில் கீழே இருந்து ஒரு விஷயம் மாறுகிறது என்றால் அது முழக்கத்தில் தெரியாது. டீக்கடை மேசையில், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், நாற்பது பக்க நோட்டில் தெரியும். அப்படி நான் பக்கத்தில் இருந்து பார்த்த இரண்டு பேரைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இருவருமே பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாமவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். லாரி கிரேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வருவார். அன்றைக்கு அந்த வட்டாரத்தில் உட்கார ஓர் இடம் கிடைப்பது எத்தனை பெரிய பாடு என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். லெம்பு ரோடு திடலில் ஆட்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை தெரு வரைக்கும் நீளும். இந்த அண்ணனுக்கு ஒரு டீக்கடையில் ஓரமேசை வாடிக்கை. அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரணக் கோடு போட்ட நோட்டு. அதில் ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டிருக்கிறார்: தேதி, சைட், ஏறிய நேரம், இறங்கிய நேரம், அன்றைக்கு இருந்த சூப்பர்வைசரின் பெயர். மழையால் வேலை நின்ற நாளும் உண்டு, லாரி வராமல் ஒரு மணி நேரம் நின்ற நாளும் உண்டு. டைம் கார்டை ஆபீசில் கொடுப்பதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வார். அதை மனைவிக்கு அனுப்பிவைத்துவிடுவார். "போன் தொலைஞ்சா? அதான் அங்க ஒரு காப்பி."

புதிதாக வரும் பையன்களை யாராவது அவரிடம் கூட்டிக்கொண்டு வருவார்கள். நான் பக்கத்தில் இருந்தபோது நடந்த ஒரு பேச்சு இப்படிப் போனது.

"பேசிக் எவ்வளவு தம்பி?"

"எண்ணூறுண்ணே."

"யார் சொன்னா?"

"ஏஜென்ட்டு."

"ஏஜென்ட் சொன்னது கெடக்கட்டும். ஐபிஏ பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

பையன் விழித்தான். அந்தப் பேப்பர் அறந்தாங்கியில், வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. "இப்பவே வீட்டுக்குப் போன் போடு. அப்பாவ போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லு." முதலில் வந்த படத்தில் பாதிக்கு மேல் அப்பாவின் கட்டைவிரல். மூன்றாவது படத்தில்தான் எழுத்து தெரிந்தது. எண்ணூறுதான். ஆனால் பையன் சம்பளச் சீட்டில் வேறு தொகை இருந்தது; மிச்சத்தை அலவன்ஸ் என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். மொத்தக் கணக்கு சரியாக வருவதால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. பேசிக் குறைந்தால் ஓவர்டைம் விகிதமும் சேர்ந்து குறையும் என்பது யாராவது சொன்னால்தானே தெரியும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். ஐபிஏ என்பது மனிதவள அமைச்சு பர்மிட்டுக்கு முன்னால் கொடுக்கும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். அடிப்படைச் சம்பளம், நிரந்தரப் படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். தொழிலாளி ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அவருக்குத் தெரிந்த மொழியில் அது கைக்கு வரவேண்டும். அதில் போட்ட அடிப்படைச் சம்பளத்தைத் தொழிலாளி எழுத்தில் சம்மதிக்காமல் குறைக்கக்கூடாது. 2017-இல் உயர்நீதிமன்றத்தில் ஒரு சம்பள வழக்கு வந்தது. முதலாளி ஒரு தொகை சொல்கிறார், ஐபிஏ வேறு தொகை சொல்கிறது. ஐபிஏயில் இருப்பதையே உண்மையான சம்பளமாக எடுத்துக்கொள்ளவேண்டும், இல்லை என்றால் அதை நிரூபிக்கவேண்டியது முதலாளிதான் என்றது நீதிமன்றம். பெட்டிக்குள் மடித்துவைத்த ஒரு தாளுக்கு அத்தனை வலு. அது இருப்பது தெரியாமலே வருடக்கணக்கில் இங்கே கிரேன் ஓட்டுகிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் கணக்கு. மாத அடிப்படைச் சம்பளத்தைப் 12-ஆல் பெருக்கி, ஆண்டின் 52 வாரத்தையும் வாரத்தின் 44 மணி நேரத்தையும் பெருக்கி வரும் 2,288-ஆல் வகுக்கவேண்டும். அதுதான் ஒரு மணி நேரக் கூலி. எண்ணூறு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, அது சுமார் 4 வெள்ளி 20 காசு. வாரத்தில் 44 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 6 வெள்ளி 29 காசு. அண்ணன் இதை வாயால் சொல்லித்தரமாட்டார். பையனின் போனைப் பிடுங்கவும்மாட்டார். "கால்குலேட்டரத் தொற. நீயே போடு" என்பார். பையன் தப்பாக அழுத்துவான், மறுபடி போடுவான். வரும் எண்ணையும் சம்பளச் சீட்டில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். அப்போது அவன் முகம் போகும் போக்கை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவருக்கு இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. முன்னால் இருந்த ஒரு கம்பெனியில் ஓவர்டைம் காசு மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. ஏழெட்டுப் பேராகப் புகார் கொடுத்தார்கள். இங்கு சம்பளத் தகராறு என்றால் முதலில் சமரசப் பேச்சு. அதில் தீராவிட்டால் 2017-இல் தொடங்கிய நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அந்த மன்றத்தில் ஒரு விசேஷம்: வழக்கறிஞருக்கு இடமில்லை. முதலாளிக்கும் இல்லை, தொழிலாளிக்கும் இல்லை. அவரவர் வழக்கை அவரவரே பேசவேண்டும், மொழிபெயர்ப்பாளர் உண்டு. காலக்கெடுவும் உண்டு. வேலையில் இருந்தால் சம்பளம் தரவேண்டிய தேதியிலிருந்து ஓராண்டு, வேலையை விட்டிருந்தால் ஆறே மாதம்.

அண்ணன் கதை சமரசப் பேச்சிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அந்த அறையில் நடந்ததை அவர் சொல்லும்போது கவனமாகக் கேட்பேன். அதிகாரி கேட்டாராம், "எந்தெந்தத் தேதியில் எத்தனை மணி நேரம்?" கூட வந்தவர்கள் எல்லாரும் "தினமும்தான் சார், ராத்திரி வரைக்கும்" என்றார்கள். உண்மைதான், அதில் பொய்யே இல்லை. ஆனால் "தினமும்" என்பதை அந்த அதிகாரி எந்தக் கட்டத்தில் எழுதுவார்? இவரிடம் மட்டும் ஒரு காலண்டர் இருந்தது. நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த தினசரிக் காலண்டர். மறதிக்காக அதில் நேரத்தைக் கிறுக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான். பேச்சு அந்தக் காலண்டரை வைத்துத்தான் நகர்ந்தது. முழுத்தொகை கிடைக்கவில்லை. கிடைத்தவரைக்கும் காலண்டரால் கிடைத்தது. காலண்டர் போய் நோட்டு வந்தது அதற்குப் பிறகு.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவர் யாரையும் புகார் கொடுக்கச் சொல்வதில்லை. ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. பர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் ரத்து செய்தால் வேலையும் இல்லை, தங்கும் விடுதியும் இல்லை. ஊரில் நகையையும் நிலத்தையும் வைத்து ஏஜென்டுக்குக் கொடுத்த லட்சங்கள் வட்டியோடு நிற்கின்றன. இப்படி இருக்கும் ஒருவனிடம் "தைரியமாப் பேசு" என்று சொல்ல ஏசி அறையில் வேலை பார்க்கும் எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அண்ணன் சொல்வது ஒன்றுதான்: "எழுதி வச்சுக்க, தம்பி. கொடுக்கறதா வேணாமான்னு அப்புறம் நீ பாத்துக்க." முடிவு பையனுடையது. ஆனால் முடிவெடுக்கும் நிலையில் அவனை வைப்பது அந்த நோட்டு.

இதோடு நம் ஆட்கள் செய்யும் நற்பணிகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்கமுடிவதில்லை. தீபாவளி வந்தால் விடுதிகளுக்குப் பிரியாணிப் பொட்டலமும் இனிப்பும் போகின்றன. கூடவே டீ-ஷர்ட் போட்ட தொண்டூழியர்களும் கேமராவும் போகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. பசிக்குச் சோறு போடுவது புண்ணியம். 2008-லிருந்து லிட்டில் இந்தியாவில், காயம்பட்டும் வழக்கில் மாட்டிக்கொண்டும் சம்பளமில்லாமல் நிற்கும் தொழிலாளர்களுக்கு டிடபிள்யூசி2 என்ற தொழிலாளர் உதவி அமைப்பு இலவசச் சாப்பாடு கொடுத்துவருகிறது. சாப்பிட வருகிறவரிடம் அங்கே வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றும் விசாரிப்பார்கள். இலையில் விழும் சோற்றோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொட்டலத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கொடுத்தவர் பெயர்தான் ஊருக்குத் தெரிகிறது.

கவிதை விஷயமும் இப்படித்தான். 2014-இல் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி ஒன்று இங்கே தொடங்கியது. முதலில் வங்காள மொழிக்கு, அடுத்த ஆண்டு முதல் தமிழுக்கும் பிற மொழிகளுக்கும். நல்ல முயற்சி, நல்ல கவிஞர்கள் வந்தார்கள். அண்ணனிடம் சொன்னேன். "கவிதைக்குக் கைதட்டுறாங்க சரி, டைம் கார்டுல கையெழுத்துப் போடச் சொன்னா மாட்டேங்குறாங்களே" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது?

இந்த எழுதி வைக்கும் புத்தி இங்குள்ள தமிழருக்குப் புதிதும் இல்லை. 1935 ஜூலையில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கியபோது விலை ஒரு காசு. திருவாரூரில் பிறந்து, 1924-இல் இங்கு வந்த மனிதர். அவர் படத்துக்கு மாலை போடுகிற விழாக்களில் மேடைப்பேச்சும் மொழிப்பற்றும்தான் அதிகம் பேசப்படும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று அவர் திரட்டிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதியும் பேசப்படும். சாதாரணத் தொழிலாளர்களின் சிறுசிறு தொகைகள் சேர்ந்த நிதி அது. எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. 1957-இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டு ஆண்டு இங்கு வசித்தவர்கள் பதிந்துகொள்ளலாம் என்ற நிலை. நம் ஆட்கள் பலருக்கு அதில் அக்கறை இல்லை. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்ற நினைப்பு. போய்ப் பதியுங்கள், பதியுங்கள் என்று முரசும் தமிழர் பிரதிநிதித்துவ சபையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தன. அடுத்து 1959 தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமானது. கப்பல்துறையிலும் நகராட்சியிலும் மண்வெட்டி பிடித்தவர்கள் வாக்குச்சீட்டு பிடித்தார்கள். பதிவு செய்ய நின்ற வரிசையில் எழுத்துத் தெரிந்தவர் யாராவது தெரியாதவருக்குத் தாளை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்வேன். அவருக்கு எந்த விழாவிலும் மாலை கிடையாது.

கடையநல்லூர்க்காரர்கள் 1946-இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியும் இதே வகைதான். அரசாங்கம் கட்டிக் கொடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. 1982-இல் மூடப்படும் வரை நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக அது நின்றது. அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும், இங்கே வேண்டாம்.

நான் சொன்ன இரண்டாவது ஆள் செம்பவாங்கில் இருக்கிறார். அக்கா என்று எல்லாரும் கூப்பிடுவதால் நானும் அக்கா என்றே சொல்கிறேன். அவர் அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். தளத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் அக்கா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு ஒரு தொழில் தானாக அமைந்துவிட்டது: புளோக்கில் இருக்கும் வயதானவர்களை எம்பி சந்திப்புக்குக் கூட்டிக்கொண்டு போவது.

வெளியூர் வாசகர்களுக்காக: இங்கே நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களை மாலையில் நேரில் சந்திப்பது வழக்கம். 1955-இல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிய பழக்கம் அது. நம்பர் வாங்கி உட்காரவேண்டும். முதலில் ஒரு தொண்டூழியர் நம் குறையைக் கேட்டுக் கடிதமாகத் தட்டச்சு செய்வார். அப்புறம் எம்பியைப் பார்க்கலாம். கடிதம் உரிய அலுவலகத்துக்குப் போகும்.

ஒரு மாலை அக்காவோடு ஒரு பாட்டி. நானும் துணைக்குப் போனேன். பாட்டிக்குத் தமிழும் சந்தை மலாயும்தான் தெரியும். டவுன் கவுன்சிலுக்குக் கட்டவேண்டிய குடியிருப்புப் பராமரிப்புக் காசு பல மாதம் பாக்கி. ஆங்கிலத்தில் வந்த நினைவூட்டல் கடிதங்களை உறையைக்கூடப் பிரிக்காமல் சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார். தொண்டூழியர் சின்னப் பையன், சீனர், நல்ல பிள்ளை. "என்ன பிரச்சினை?" என்று அக்காவிடம் ஆங்கிலத்தில் கேட்டான். அக்கா பாட்டியைக் காட்டினார். "அவங்களக் கேளுங்க. அவங்க சொல்றத நான் இங்கிலீஷ்ல சொல்லுவேன், அவ்வளவுதான்."

பாட்டி ரொம்ப நீளமாகப் பேசினார். மகன் கதை, மருமகள் கதை, முழங்கால் கதை. அக்கா ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். சுருக்கவில்லை. பின்னால் நம்பரோடு உட்கார்ந்திருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். எனக்கே பொறுக்கவில்லை. பையன் தட்டி முடித்ததும் அக்கா, "என்ன எழுதியிருக்கீங்க, படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தான். "குடும்பத்தின் பணக்கஷ்டம் காரணமாக" என்று ஓரிடத்தில் வந்தது. அக்கா அதைத் தமிழில் சொன்னார். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காசு இல்லன்னு யாரு சொன்னா? எம்மவன் ஆஸ்பத்திரில கெடந்தான், கட்டப்போவ ஆளில்ல. காசு இருக்கு. தவணையாக் கட்டுறேன்னு எழுதச் சொல்லு."

கடிதம் மாறியது. தள்ளுபடி கேட்கும் கடிதமாக இருந்தது, தவணை கேட்கும் கடிதமாக வெளியே வந்தது. அந்தப் பையன் தவறாக எதுவும் செய்யவில்லை. அந்த வாக்கியத்தை அன்று மாலை மட்டும் பத்துத் தடவையாவது தட்டியிருப்பான். ஏழை வயதான தமிழ்ப் பெண்மணி என்றால் இந்த வரி என்று கை பழகிவிட்டது. படித்துக் காட்டச் சொல்லியிருக்காவிட்டால் பாட்டி, தான் சொல்லாத ஒன்றுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பார். தவணை கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைவிட முக்கியம், அடுத்த கடிதம் வந்தபோது பாட்டி உறையைப் பிரித்துக்கொண்டு அக்கா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

அக்காவை ஒரு குழுவில் சேரும்படி சிலர் கேட்டார்களாம். "சேந்தா மீட்டிங்கு வைப்பாங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். இதில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை அந்த ஆளோடு நின்றுபோகும். சம்மதத்துடனோ சண்டையுடனோ, அமைப்பாகச் செய்ததுதான் சட்டம் வரைக்கும் போயிருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்களுக்கு வார விடுப்பு வேண்டும் என்று அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டபிறகுதான் 2013-இல் அது சட்டமானது. அதிலும், காசு கொடுத்து எல்லா விடுப்பையும் ஈடுகட்டிவிடலாம் என்ற ஓட்டை இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது காசால் ஈடுகட்ட முடியாது என்ற விதி 2023-இல்தான் வந்தது. தனியாளாக ஓர் அக்கா கேட்டிருந்தால் அது நடந்திருக்குமா? இதை அவரிடமே சொன்னேன். "அதுக்குத்தான் நீங்கள்லாம் இருக்கீங்களே" என்று டீயை நீட்டினார்.

அண்ணன் விஷயத்தில் இந்தக் கவலை இன்னும் அதிகம். பர்மிட் முடிந்தால் அவர் ஊருக்குப் போய்விடுவார். அதனால் அவர் சொல்லித்தருவதை எல்லாம் ஒரு சிறு கையேடாக அச்சிடலாம் என்று யோசனை சொன்னேன். நண்பர் ஒருவர் பக்கம் வடிவமைத்துத் தர ஒப்புக்கொண்டார். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். லாரியில் ஏறி, வேலை பார்த்து, சமைத்துச் சாப்பிட்டுப் படுக்க ராத்திரி பதினொன்றாகிறது, இதில் எவன் புத்தகம் படிப்பான் என்றார். வாய்ஸ் மெசேஜாகப் போட்டால் காதில் மாட்டிக்கொண்டு லாரியிலேயே கேட்பான் என்றும் அவரே சொன்னார்.

இப்போது அப்படித்தான் பதிவு செய்கிறோம். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அவர் போட்ட விதி. முதலாவது ஐபிஏ பற்றி, இரண்டாவது ஓவர்டைம் கணக்கு, மூன்றாவது காலக்கெடு. முதல் பதிவில் நான் எழுதிக் கொடுத்த வாக்கியங்களைப் படித்துப் பார்த்தார், செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று அழித்துவிட்டார். கட்டைவிரல் படத்தோடு வந்தானே, அந்த அறந்தாங்கிப் பையன், அவனைப் பேசவைத்தார். அவன் இரண்டு எண்களைச் சொல்லி, எப்படிக் கழித்துப் பார்த்தான் என்று சொன்னான். அவன் கம்பெனியின் பெயர் மட்டும் ஒரு இடத்தில் வந்துவிட்டது. அதை வெட்டிவிட்டு அனுப்பலாமா, அவனையே மறுபடி பேசவைக்கலாமா என்று இந்த ஞாயிறு முடிவு செய்யவேண்டும்.